மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத ஒப்புக்கொண்டது இந்தக் கதையை இல்லை. எல்லோருக்கும் பிடித்த ஒரு நல்ல மனிதர் இறந்துபோனார். அவரைப் பற்றி வழவழப்பான தாளில், நடுவில் வண்ணப் படங்களோடு, ஒரு நினைவுப் புத்தகம் எழுதித் தரத்தான் சம்மதித்தேன். அது எழுதி முடிக்கப்படவில்லை. அது நின்றுபோன இடத்தில் மிஞ்சியதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேட்டு வந்தவள் அவருடைய மகள்.

"உங்க நாவல்ல வர்ற அப்பாங்க எல்லாம் ரொம்ப நல்லவங்க மேடம். அதான் உங்ககிட்ட வந்தேன். எங்கப்பாவும் அப்படித்தான்."

என்னைப் படித்தவர்களுக்கு இது புரியும். என் நாவல்களில் அப்பாக்கள் நல்லவர்கள். அம்மாக்கள் கொஞ்சம் கண்டிப்பு. மாமியார்கள் கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய அத்தியாயம் வரைக்கும் கெட்டவர்கள். பிறகு யாராவது ஒருவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பேன், எல்லோரும் திருந்திவிடுவார்கள். இத்தனை வருஷமாக இதே மாத்திரையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாசகிகளும் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

இறந்தவர் டிரைவிங் மாஸ்டர். ஒரு சிவப்புக் கார், ஒரு சின்ன ஆபீஸ், ஒரு போர்டு, அவ்வளவுதான் அவருடைய பள்ளிக்கூடம். ஊரில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அவர் இறந்த அன்று அந்தத் தெருவில் கோணல்மாணலாக, வழியை மறித்து நின்ற வண்டிகள் எல்லாம் அவருடைய மாணவர்களுடையவை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். துக்கத்தில் அப்படி நிறுத்தினார்கள் என்று நான் எழுதிக்கொண்டேன். "துக்கமாவது, அவங்க எப்பவுமே அப்படித்தான் நிறுத்துவாங்க" என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டேன்.

2

ஆரம்பங்கள்.

"அன்புக்கு ஒரு முகம் இருந்தால் அது—"

(அடித்துவிட்டேன். படத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். தடித்த மீசை, பெரிய மூக்கு. அன்பு பாவம்.)

"ஒரு பெரிய மரம் சாய்ந்துவிட்டது. அதன் நிழலில் இளைப்பாறிய பறவைகள் இன்று—"

(இது மாஸ்டரின் தங்கை சொல்லிக் கொடுத்த வரி. பறவைகள் நிழலில் இளைப்பாறுவதில்லை, கிளையில்தான் உட்காரும் என்று சொல்ல நினைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார், விட்டுவிட்டேன்.)

"அவர் ஒருநாளும், யாரிடமும், எதற்கும், முடியாது என்று சொன்னதில்லை."

இது மட்டும் அடிபடாமல் நின்றுவிட்டது. ஏனென்றால் இதை நான் எழுதவில்லை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்கள். பால்காரர் சொன்னார். இஸ்திரி போடுகிறவர் சொன்னார். ஐந்து முறை டெஸ்ட்டில் கோட்டைவிட்டு ஆறாவது முறை போகாமலே இருந்துவிட்ட ஒரு பல் டாக்டர் சொன்னார்.*

* டாக்டரைக் கேட்டேன்: "அப்போ மாஸ்டர் உங்களுக்குச் சரியா சொல்லிக் கொடுக்கலையா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாஸ்டரைக் குறை சொல்லாதீங்க. டெஸ்ட் எடுத்த ஆபீசர் சரியில்ல."

3

விஷயம் சேகரிக்க அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்தேன். சுவரில் மாஸ்டர், படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே உறவுக்காரர்கள். உள்ளே சமையலறையில் அவருடைய மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மனைவிக்கு அந்த வீட்டில், தெருவில், ஏன், டிரைவிங் ஸ்கூலில்கூட ஒரு பெயர் உண்டு. மேலிடம். கட்சிக்காரர்கள் தலைமையைச் சொல்வார்களே, அந்த மேலிடம். வைத்தது மாஸ்டர்தான். எல்லோரையும் சிரிக்க வைத்தே வைத்தார்.

முதலில் பேசியவர் மாஸ்டரின் தம்பி. மருந்துக்கடைக்காரர்.

"எனக்குக் கல்யாணமான புதுசு, ரைட்டரம்மா. மாடி ரூம் சும்மா கெடந்துச்சு. நாங்க வந்து இருந்துக்கட்டுமாண்ணேன்னு கேட்டேன். 'எனக்குச் சரிதான்டா, இது உன் வீடு. மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்'னார். உள்ள போனார். வெளிய வந்தப்ப அவரு முகத்தைப் பாக்க முடியல. என் தோள்ல கையை வெச்சார். அவ்வளவுதான். அண்ணியை ஒரு வார்த்தை குறை சொல்லணுமே? ம்ஹூம். அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் சொல்லுங்க."

ஹாலில் பேசினால் சமையலறைக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் அவர் பேசினார். மேலிடம் வந்து அவருக்கு டீ கொடுத்தார். சர்க்கரை இல்லாத டீ. இவருக்குச் சர்க்கரை ஆகாது என்று யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது மாஸ்டரின் தங்கை. எல்.ஐ.சி. மாதிரி ஏதோ ஒரு ஆபீசில் அதிகாரியாக இருக்கிறவர், அழும்போதுகூட முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வரிசையாக அழுகிறவர்.

"ரெண்டு மாசம் வெளிநாடு போக வேண்டியிருந்துச்சு. பையனை எங்க விடறதுன்னு தெரியல."

"உங்க மகனையா?"

"நாயைங்க. எங்களுக்கு அவன்தான் பையன். அண்ணன்கிட்ட கேட்டேன். 'எனக்குச் சரிதாம்மா, நம்ம பையன்தானே, மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்'னார். கேட்டார். என்ன ஆகியிருக்கும்? மேலிடம் ஆச்சே! பாவம், எனக்குப் போன் பண்ணி அவரு குரலே கம்மிடுச்சு. 'நான் என்னம்மா பண்றது'ன்னார்."

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை இவர்கள் கேட்டை ஒட்டி நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்ட கதையைச் சொன்னார். அதிலும் மாஸ்டருக்குச் சரிதான். அதிலும் மாஸ்டர் உள்ளே போனார். அதிலும் தோளில் கை.

கடைசியாக மகள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"காலேஜ் முடிச்சதும் அப்பாகூட ஸ்கூல்ல சேர்றேன்னு சொன்னேன். லேடீஸ்க்கு நான் சொல்லித் தர்றேன், அப்புறம் எல்லாருக்கும். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். 'எனக்குச் சரிதான் கண்ணு'ன்னார். அப்புறம் என்ன நடந்துச்சுன்னு உள்ள இருக்கிறவங்களைக் கேளுங்க. பக்கத்துலதானே இருக்காங்க."

உள்ளே இருந்தவர் வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "அவளுக்கு டீயா காபியான்னு கேளுங்க."

"எதுவும் வேணாம்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். ஒரே வீட்டில் இருக்கிற அம்மாவும் மகளும் வருஷக்கணக்காக இப்படித்தான். நடுவில் மாஸ்டர் இருந்தார், சௌகரியமாக இருந்தது. அவர் போன பிறகு தபால் கொண்டுபோக ஆளில்லை. கொஞ்ச நாள் ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். இப்போது நான் கிடைத்தேன்.

மகள் ஏதோ ஒரு கம்பெனியில் பில் போட்டு, தேய்ந்து, வேலையை விட்டு, அப்பா போன பிறகு அவளாகவே லைசென்ஸ் எடுத்து, இப்போது அந்தச் சிவப்புக் காரை ஓட்டக் கற்றுத் தருகிறாள். அப்பாவின் ஆசையை அம்மா இறுக்கி மூடி வைத்திருந்தார், தான் திறந்துவிட்டதாக அவள் நினைக்கிறாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இது வர வேண்டும். "அப்பா எனக்காக எவ்வளவு போராடினாருன்னு நல்லா எழுதிடுங்க மேடம்."

4

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நல்லவரை அப்படியே நம்பிவிடுவோம், வில்லியைத்தான் சோதித்துப் பார்ப்போம். நல்லவருக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. வில்லிக்குக் காரணம் இல்லையென்றால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் எழுதிப் பார்த்தது இது:

"மாடி அறையா? யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீங்க?" என்று அவள் சீறினாள். அவள் கண்களில் கனல்—

(கண்ணில் கனல் இல்லை. மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி இருந்தது. அதைப் புறங்கையால் ஏற்றிவிட்டுக்கொண்டே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கனலை எங்கே வைப்பது?)

அப்புறம்தான் உறைத்தது. சீறினாள் என்று எழுதினேனே, யாரிடம் கேட்டு எழுதினேன்? நான்கு கதை கேட்டேன். நான்கிலும் மாஸ்டர் உள்ளே போகிறார், வெளியே வருகிறார். உள்ளேயிருந்து ஒரு சத்தம், ஒரு 'என்னங்க இது', பாத்திரம் ஒன்றை நங்கென்று வைக்கிற ஓசை, எதுவும் இல்லை. ஹாலில் பேசுவது சமையலறைக்குக் கேட்கும் என்றால் சமையலறையில் பேசுவது ஹாலுக்கும் கேட்க வேண்டுமே. மேலிடம் மறுத்ததை எல்லோரும் சொல்கிறார்கள். மேலிடத்தின் குரலைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

சொந்த மூளையைப் பற்றி எனக்குப் பெரிய எண்ணம் கிடையாது. ஆனால் வில்லிக்கு வசனமே இல்லாத கதையை நான் இதுவரை எழுதியதில்லை.

5

அதனால் சமையலறைக்குப் போனேன். ஹாலில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம்.

"நாயை ஏன் வேண்டாம்னீங்க?"

அவர் பட்டாணியை உரித்துக்கொண்டே சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, தோள் குலுங்குகிற சிரிப்பு.

"நாயா? எனக்கு நாய்னா உசுருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல ரெண்டு இருந்துச்சு."

"பின்னே?"

"அவருக்குத்தான் பயம். தெருவுல ஒரு குட்டி நாய் வந்தாப் போதும், எனக்குப் பின்னாடி வந்து நின்னுக்குவார். அந்த உருவத்தை என்னால மறைக்க முடியுமா? ஆனா தங்கச்சிகிட்ட சொல்லுவாரா? கௌரவம் என்ன ஆகிறது?"

"அப்போ உங்களை வேண்டாம்னு சொல்லச் சொன்னாரா?"

"சே, சே. அப்படியெல்லாம் சொல்ல மாட்டார். ரொம்ப நல்ல மனுஷன்ல?" ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டார். "உள்ள வருவார். ஏதாவது ஒரு பாத்திரத்தைத் திறந்து பாப்பார். 'நாயைக் கொண்டு வந்து விடறாங்களாம். உனக்குச் சிரமமா இருக்குமே'ம்பார். நான் கரண்டியைக் கீழ வெக்கறதுக்குள்ள வெளிய போயிடுவார். அங்க போய், 'அவளுக்குச் சிரமமாம்.'"

இந்த இடத்தில் ஒரு திருத்தம் செய்கிறேன். இனி இவரை மேலிடம் என்று எழுத மாட்டேன். ஒரு மேலிடத்துக்கு இருக்க வேண்டிய எதுவும் இவரிடம் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இவர் அம்மா. நானும் அம்மா என்றே எழுதுகிறேன்.

"சண்டை போட்டிருக்கலாமேம்மா."

"யாருகிட்ட? அடிச்சாரா, திட்டினாரா? 'உனக்குச் சிரமமா இருக்குமே'ன்னு கேக்கிற மனுஷன்கிட்ட என்னன்னு சண்டைக்குப் போறது? போனா என்னைத்தான் கழண்ட கேஸும்பாங்க." உரித்த தோலை ஒதுக்கினார். "முதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பாருங்க. என் சிரமத்தை யோசிக்கிற புருஷன். நான் இல்லாம ஒரு முடிவு எடுக்க மாட்டார்னு எங்கம்மாகிட்ட பீத்திக்குவேன். அப்புறம்தான், என் நாத்தனார் எல்லாம் என்னைப் பாத்தாலே முகத்தைத் திருப்பறாங்களே, ஏன்னு யோசிச்சேன்."

"உங்க மகள் விஷயத்துல?"

கை நின்றது.

இங்கே அம்மாவின் மனசுக்குள் போகிறேன். கதைக்காரியின் உரிமை அது, நியாயமா என்று தெரியாது. அன்றைக்கு அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஹாலில் மகள் அப்பாவிடம் பேசியதெல்லாம் காதில் விழுந்திருந்தது. மகள் குழந்தையாக இருந்தபோது, நிறுத்தி வைத்த காரில் ஏறி உட்கார்ந்து, எட்டாத பெடலை எட்டப் பார்த்து இருக்கையின் நுனிக்கு வருவாள். அது நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: முன்பின் தெரியாத ஒருவன், மூடிய கார், ஊருக்கு வெளியே காலியான சாலை, பக்கத்து இருக்கையில் தன் பெண். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. எது முன்னால், எது பின்னால் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு ஒரு நிமிஷம் வேண்டியிருந்தது.

"அந்த நிமிஷத்துலதான் உள்ள வந்தார். 'கண்டவனும் பக்கத்துல உக்காருவான், உனக்கு நிம்மதியா இருக்காதே'ன்னார். நான் வாயே திறக்கல. திரும்பிப் பாக்கறேன், ஆளில்ல. வெளிய அவ அழற சத்தம் கேக்குது. நான் முடியாதுன்னு சொல்லிட்டேனாம்."

"அவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அப்பா மேல அவ்வளவு பாசம் வெச்சிருக்கா. நான் அதையும் புடுங்கி என்ன பண்றது? இப்பப் போய்ச் சொன்னா, பதில் சொல்ல ஆளில்லாத நேரமாப் பாத்துச் சொல்றேம்பா. அதுவும் நெசந்தானே." பட்டாணிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார், உதவி செய் என்கிற மாதிரி. "இதையெல்லாம் புத்தகத்துல எழுதிடாதீங்க."

"எனக்குச் சரிதாம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. 'பதிப்பகத்தில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன்' என்று சேர்த்துவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

6

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையா என்று கடைசி வரை தெரியவில்லை. உவமை ஒன்று தானாக வந்து ஏறிக்கொண்டது, இறக்கிவிட மனசு வரவில்லை.)

மகளிடம் கார் ஓட்டக் கற்றுப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக் கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ரவுண்டானா அருகில் ஒரு லாரி குறுக்கே வர, கார் கச்சிதமாக நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"நான்தான் அடிச்சேன்" என்றாள் மகள். "நீங்க ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டு இருந்தீங்க."

"சொல்லாம இருந்திருக்கலாமே, சந்தோஷமா இருந்தேன்."

"அப்பா சொல்ல மாட்டார். 'பிரமாதமா நிறுத்தினீங்க சார்'ம்பார். அவரு அடிச்சுட்டு அவங்களைப் பாராட்டுவார்." பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள். "அதான் நிறையப் பேரு டெஸ்ட்ல போயிடுவாங்க. அங்க ரெண்டாவது பிரேக் இருக்காதுல்ல."

பல் டாக்டரை நினைத்துக்கொண்டேன்.

உவமை பொருந்தவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். காரில் மிதித்தவர் மாஸ்டர், பாராட்டு மாணவருக்கு. வீட்டிலும் மிதித்தவர் மாஸ்டர்தான், ஆனால் திட்டு அம்மாவுக்கு. தலைகீழாக இருக்கிறது. சரிதான். ஆனால் இரண்டு இடத்திலும் மிதித்த கால் வெளியே தெரியவில்லை, மேலே முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு உவமையிடம் எதிர்பார்க்கக் கூடாது.

7

முடிவுகள். என் கையிருப்பில் உள்ளவை.

முதல் முடிவு: அம்மா ஆஸ்பத்திரியில். மகள் ஓடி வருகிறாள். "அம்மா, என்னை மன்னிச்சுடும்மா!" டாக்டர் வெளியே வந்து, ஆபத்து ஒன்றும் இல்லை என்கிறார். (வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் அம்மா ஆரோக்கியமாக இருக்கிறார். இந்தக் குடும்பத்துக்காக அவர் இத்தனை வருஷம் கெட்டவராக இருந்தது போதாதா, இப்போது நோயாளியாகவும் ஆக வேண்டுமா?)

இரண்டாவது: மாஸ்டர் எழுதி வைத்த ஒரு கடிதம் பீரோவில் கிடைக்கிறது. 'எல்லாம் என் தவறு.' (மாஸ்டராவது, எழுத்தில் மாட்டிக்கொள்வதாவது.)

மூன்றாவது: ஒன்றும் நடப்பதில்லை. புத்தகம் வழவழப்பாக வருகிறது. எல்லோரும் அழுகிறார்கள். அம்மா டீ கொடுக்கிறார். (இதுதான் நடந்திருக்கும். இது நடந்துவிடும் என்று பயந்துதான் நான் கொஞ்சம் விஷமம் செய்தேன்.)

8

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் புத்தகத்தில் எழுதவில்லை. நான் செய்தது ஒன்றுதான். உறவுக்காரர்கள் சொன்ன நான்கு கதைகளையும், அவர்கள் சொன்ன வார்த்தை மாறாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். அதற்குமுன் அவற்றை யாரும் சேர்த்துக் கேட்டதில்லை. அவரவருக்கு அவரவர் தோளில் கை.

அச்சுக்குப் போகும் முன் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன்.

முதல் கதைக்குத் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவதில், 'எனக்குச் சரிதான்' என்று படித்தபோது நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரர் நெளிந்தார்.

"சார், உங்களுக்கும் தோள்ல கை வெச்சாரா?" என்று கேட்டார் தம்பி.

"வெச்சாரே."

"எந்தத் தோள்ல?"

"இடது தோள்."

"எனக்கும் இடதுதான்."

இருவரும் தங்கள் இடது தோளைத் தாங்களே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்குப் போன்ல" என்றார் தங்கை, விட்டுப்போய்விடக் கூடாதே என்று. "அண்ணிக்கு நாய் பிடிக்காதாம்... இரு, இரு. அண்ணி வீட்டுல ரெண்டு நாய் இருந்துச்சே. பொண்ணு பாக்கப் போனப்ப அண்ணன்தான் கேட்டைத் தாண்டி உள்ள வர மாட்டேன்னு..." நிறுத்திக்கொண்டார். அழுகையில்கூட ஒழுங்கு தவறாத அந்த அதிகாரி ஒரு வாக்கியத்தை நடுவில் விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படத்தில் மாஸ்டர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். 'எனக்குச் சரிதான்' என்கிற மாதிரியே இருந்தது அந்தச் சிரிப்பு.

பிறகு தம்பி தொண்டையைச் செருமினார். "அண்ணன் பாவம். யாரு மனசையும் நோகடிக்கத் தெரியாத மனுஷன். முடியாதுன்னு சொல்ல அவருக்கு மனசு வரல, அவ்வளவுதானே?"

"அதானே" என்றார் தங்கை. "அப்படியொரு மனசு."

"தங்கமான மனசு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா முடியாது என்று சொன்னதாக நினைத்து, வருஷக்கணக்கில் மன்னிக்காதவர்கள் இவர்கள். முடியாது என்றவர் மாஸ்டர் என்று தெரிந்ததும் டீ ஆறுவதற்குள் மன்னித்துவிட்டார்கள். மன்னித்ததோடு விடவில்லை, அதையும் அவருடைய நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். 'யாரு மனசையும்' என்ற கணக்கில் சமையலறையில் நின்ற மனசு வரவே இல்லை. தம்பி என்னிடம், "இதைக்கூட நீங்க அழகா எழுதலாம் ரைட்டரம்மா" என்றார். பேனாவை மூடிவிட்டேன். புத்தகம் அங்கேதான் நின்றது.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். வெற்று டம்ளர்களை எடுத்துப் போக வந்தவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று நான் கவனிக்கவில்லை. மகள் கவனித்திருந்தாள்.

"அம்மா" என்றாள்.

என்னைப் பார்த்து இல்லை. ஃபிரிட்ஜைப் பார்த்து இல்லை. தபால்காரி வேலை அந்த நொடியோடு எனக்குப் போனது.

"அப்பா அன்னைக்கு உள்ள வந்து சொல்லலைன்னு வெச்சுக்கோ. நான் நேரா உன்கிட்ட வந்து கேட்டிருக்கேன். நீ என்ன சொல்லியிருப்பே?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வியின் எடை தெரிந்தது. சரி என்று சொல்லியிருப்பேன் என்றால் மகளின் அத்தனை வருஷமும் அப்பா எடுத்துக்கொண்டது என்றாகும். முடியாது என்று சொல்லியிருப்பேன் என்றால், இவர்கள் வைத்த பெயர் பொய்யில்லை என்றாகும். நடுவில் ஒரு பதில் சொல்லி மகளைச் சமாதானப்படுத்தவும் முடியும். அது மாஸ்டரின் வழி. இருக்கை நுனியில் பெடலை எட்டப் பார்த்த அந்தச் சின்னக் காலும், காலியான சாலையில் அந்த மூடிய காரும், அன்றைக்கு வந்த மாதிரியே இன்றைக்கும் ஒன்றாக வந்து நின்றன.

"இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணி?" தம்பி குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "சரின்னு சொல்லியிருப்பேன்னு சொல்லிடுங்க. பொண்ணு சந்தோஷப்படுவா."

"அண்ணிக்குச் சங்கடமா இருக்குமே" என்று எழுந்தார் தங்கை. "அப்புறமாத் தனியாப் பேசிக்கட்டும்."

"உக்காருங்க" என்றார் அம்மா. "தம்பி, நீங்களும் சும்மா இருங்க."

அந்தக் குரலை அந்த ஹாலில் அவர்கள் அப்போதுதான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். இருவரும் உட்கார்ந்தார்கள்.

அம்மா டம்ளர்களை மேஜையிலேயே வைத்துவிட்டு, மகளுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் யோசிக்கணும்" என்றார்.

"எவ்வளவு நேரம்மா?"

"தெரியலடி. எனக்கு இது புதுசு."

மகள் தலையாட்டினாள். காத்திருக்கத் தயாராகிற மாதிரி காலை மடக்கி உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் என்னிடம் இருப்பது. அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பதிப்பகத்தில் முடிவு கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன், என் வாயாலேயே.

உங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும், தெரியும். பாதிப் பேருக்குச் 'சரி', பாதிப் பேருக்கு 'முடியாது', என் பழைய வாசகிகளுக்கு ஆஸ்பத்திரி. உங்கள் பதிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் இன்னும் நாற்காலி இருக்கிறது, வந்து உட்காருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள். அம்மாவின் காதருகே மட்டும் போகாதீர்கள்.